பேர் பிடித்திருக்கிறது, வேர் இடிக்கிறது: மலையகப் பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஏதாவது ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், நடந்து பாருங்கள். முதல் காம்பராவில் முருகன் படம் இருக்கும், அடுத்ததில் வேளாங்கண்ணி மாதா, அதற்கடுத்ததில் வேத வசனம் எழுதிய காலண்டர் மட்டும். மூன்று வீட்டாரும் சொந்தக்காரர்களாக இருந்தாலும் ஆச்சரியமில்லை. அண்ணன் கோயில் கமிட்டியில் இருப்பார், தம்பி கிறிஸ்தவச் சபையில் கிட்டார் வாசிப்பார், தங்கையைக் கத்தோலிக்க வீட்டில் கட்டிக் கொடுத்திருப்பார்கள். இந்த மாதிரிக் குடும்பத்தில் ஒரு பிள்ளை பிறந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் ஒற்றுமையாக ஓடித் திரிவார்கள். பேர் வைக்கும்போதுதான் முகம் திரும்பும்.

சபைக்குப் போகும் தாய்க்கு 'ஆதிரா' என்ற பேர் பிடித்துப் போகிறது. அது சிவனுக்குரிய திருவாதிரை நட்சத்திரம் என்று யாரோ சொல்கிறார்கள், அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை. சைவக் குடும்பத்தில் தகப்பன் 'டெனிஸ்' என்கிறார், தாத்தா "நம்ம பிள்ளையை எதுக்குப்பா வேதக்காரப் பிள்ளையாக்குற?" என்கிறார். இந்த வழிகாட்டி இவர்களுக்கானது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு பேர் எங்கே பிறந்தது என்பதை மட்டும் வைத்து அதைத் தள்ளிவிடத் தேவையில்லை. அது இன்றைக்கு யாரை நினைவூட்டுகிறது, வீட்டில் இருப்பவர்களால் அதை மனம் கோணாமல் கூப்பிட முடியுமா, இவைதான் பார்க்க வேண்டியவை.

முதல் படி: நாளை எண்ணுங்கள்

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் அது காலங்கடந்த பதிவு. அதற்குச் சத்தியக்கூற்று, ஆதாரம் என்று அலைய வேண்டி வரும். பேர் இல்லாமல் பிறப்பை மட்டும் பதிந்துவிட்டுப் பிறகு பேரைச் சேர்க்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அரைநாள் சம்பளத்தை விட்டு, பஸ் பிடித்து, பிரதேச செயலகத்தில் இன்னொரு தடவை வரிசையில் நிற்க வேண்டும் என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சடங்கு நாள் வேறு கணக்கில் ஓடும். இந்து வீடுகளில் தீட்டுக் கழித்து, பதினாறிலோ முப்பதிலோ தொட்டில் போட்டுப் பேர் வைப்பார்கள். முஸ்லிம்களுக்கு ஏழாம் நாள் முடி இறக்கி, ஆடு அறுக்கும் அகீகா. கத்தோலிக்கருக்கு ஞானஸ்நானம், சபைகளில் பிள்ளையைப் பிரதிஷ்டை பண்ணுகிற ஞாயிறு. எது முன்னால் வந்தாலும் சரி, பதிவாளர் முன்னால் போய் உட்காரும்போது பேர் முடிவாகியிருக்க வேண்டும். அவர் மேசைக்கு முன்னால் நின்று மாமியாருடன் தர்க்கம் பண்ண முடியாது.

இரண்டாம் படி: யாருக்கு இடிக்கிறது?

இதைக் கணவனும் மனைவியும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். பேர் உறுத்துவது உங்கள் மனசையா, பாஸ்டர் ஐயா என்ன சொல்வாரோ என்ற பயமா, அப்பாயியின் கண்ணீரா, பக்கத்துக் காம்பராக்காரர் பேச்சா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. மனசு உறுத்தினால் வேதத்தைப் படிக்கலாம், விவரம் தெரிந்தவரைக் கேட்கலாம். அப்பாயியின் கண்ணீருக்கு வேத வசனம் மருந்தாகாது. பக்கத்துக் காம்பரா விஷயத்தை விட்டுத் தள்ளுங்கள், நீங்கள் என்ன பேர் வைத்தாலும் அங்கே பேச்சு இருக்கும்.

மூன்றாம் படி: வேரைச் சரியாகத் தோண்டுங்கள்

போனில் தேடினால் வரும் பேர்ப் பட்டியல்களை நம்பி முடிவெடுக்காதீர்கள். ஒன்றிலிருந்து ஒன்று பார்த்து எழுதியவை அவை. எல்லாப் பேருக்கும் 'அழகானவள்', 'வெற்றியாளன்' என்று ஏதாவது ஓர் அர்த்தம் போட்டு வைத்திருப்பார்கள். அதற்குப் பதிலாக மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பேர் எந்த மொழியில் இருந்து வந்தது? பழைய நூல்களில் இந்தப் பேரில் யார் இருக்கிறார்? இன்றைக்கு இந்தப் பேரை யார் யார் வைத்திருக்கிறார்கள்?

விடை கிடைத்ததும் பேர் எந்த வகை என்று தெரிந்துவிடும். சில பேர்கள் தெய்வத்தின் பேரேதான்: கிருஷ்ணன், லட்சுமி, டயானா. சில பேர்கள் 'இன்னாருக்கு அடிமை' என்று அறிக்கை செய்யும்: முருகதாஸ், கிறிஸ்துதாஸ், அப்துல்லாஹ். சில பேர்கள் ஒரு மதத்தில் பேர்பெற்ற மனிதருடையவை: மீரா, அந்தோனி, ஆயிஷா, ராகுல். (ராகுல் புத்தரின் மகன் பேர். அதை வைத்திருக்கும் இந்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர், யாரும் அவர்களைப் பௌத்தர் என்று சொன்னதில்லை.) பூஜா, ஆர்த்தி போன்றவை வழிபாட்டில் இருந்து வந்த சொற்கள். மிச்சமிருப்பவை நிலா, மலர், ஜோதி, அருள் மாதிரிப் பொதுச் சொற்கள். அவற்றில் மதத்தைத் தேடிக் களைத்துப் போகாதீர்கள்.

இந்த வகைகளில் உண்மையிலேயே கவனம் வேண்டியது இரண்டாவதற்குத்தான். தெய்வத்தின் பேர் வெறும் பேராகத் தேய்ந்துபோகும், 'ரவி' என்றால் சூரியனை நினைத்து யார் கும்பிடுகிறார்கள்? 'தாஸ்', 'அப்து' என்று வரும் பேர் ஒரு வாக்குமூலம். அதைச் சொல்ல உங்கள் நம்பிக்கை இடம் தராவிட்டால் பிள்ளை வாயில் அதை வைக்க வேண்டாம்.

இன்னொரு பொறி தமிழ் எழுத்தில் இருக்கிறது. 'ஆசியா' என்று தமிழில் எழுதும் பேர் அரபியில் இரண்டு விதமாக இருக்கலாம். ஒன்று எகிப்து மன்னன் பிர்அவ்னின் மனைவியான நல்ல பெண்மணியின் பேர். மற்றதற்கு 'மாறு செய்பவள்' என்று அர்த்தம், அந்தப் பேர் கொண்ட பெண்ணுக்குத்தான் நபிகள் 'ஜமீலா' என்று மாற்றி வைத்தார்கள். அதனால் முஸ்லிம் பெற்றோர் அரபி எழுத்தில் எழுதிக் காட்டி மௌலவியிடம் கேட்பது நல்லது.

நான்காம் படி: வேர் உயிரோடு இருக்கிறதா?

மார்ட்டின் என்ற பேரின் அடியில் ரோமாபுரியின் யுத்த தெய்வம் மார்ஸ் இருக்கிறது. டெனிஸ் என்றால் திராட்சரசத் தெய்வம் தியோனிசுவுக்கு உரியவன். டயானாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அப்போஸ்தலர் நடபடிகளில் "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று ஊரே திரண்டு கத்துகிறது. அப்படியும் நம் தேவாலயங்களில் டயானாக்கள் பாடகர் குழுவில் பாடுகிறார்கள், புனித மார்ட்டின் பேரில் கோயிலே இருக்கிறது. ஏனென்றால் அந்தத் தெய்வங்களைக் கும்பிட இன்று கோயிலும் இல்லை, கூட்டமும் இல்லை.

மாரியம்மன் கதை வேறு. தேயிலை மலைக்கு நடுவில் கோயில் இருக்கிறது, வருஷா வருஷம் திருவிழா, கரகம், பறவைக்காவடி எல்லாம் உண்டு. 'மாரியாயி' என்று கூப்பிட்டால் கேட்கிற எல்லாருக்கும் அந்த அம்மன்தான் கண்முன் வருவாள். ஆகவே ஒரு கிறிஸ்தவத் தாய் டயானாவுக்குச் சரி சொல்லிவிட்டு மாரியாயிக்குத் தயங்கினால் அதை இரட்டை வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தயங்குவதற்குக் காரணம் மதமா, இல்லை 'பழைய தோட்டத்துப் பேர்' என்ற கூச்சமா என்று தன்னைத் தானே ஒரு தடவை கேட்டுக்கொள்ளட்டும். வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு "மாரின்னா பட்டிக்காட்டுப் பேரு" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் பக்தி எங்கே இருக்கிறது?

ஐந்தாம் படி: உங்கள் மதம் நிஜமாக என்ன சொல்கிறது?

பேர் விஷயத்தில் மதம் விதித்ததை விட மனிதர் விதித்தது அதிகம்.

கிறிஸ்தவர்களுக்கு: வேதாகமத்தில் இருக்கிற விசுவாசிகளின் பேர்களையே எடுங்கள். அப்பொல்லோ என்ற பேரில் கிரேக்கரின் அப்பொல்லோ தெய்வம் இருக்கிறது. பவுலோடு உழைத்த எப்பாப்பிரோதீத்துவின் பேரில் அப்ரோடைட் இருக்கிறாள். ரோமருக்கு எழுதின நிருபத்தில் பவுல் மெச்சி அனுப்பும் பெபேயாளின் பேரும் கிரேக்கப் புராணத்தில் உள்ள ஒரு தேவியின் பேர்தான். ஒருவரையும் பவுல் பேரை மாற்றச் சொன்னதாக எழுதவில்லை. எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய சாட்சி ஆபேத்நேகோ. எபிரெயப் பேரான அசரியாவை எடுத்துவிட்டுப் பாபிலோனியர் அவர் தலையில் கட்டிய பேர் அது, நேபோ என்ற தெய்வத்துக்கு அடிமை என்பது அதன் பொருள். அந்தப் பேரோடுதான் அவர் பொற்சிலையை வணங்க மாட்டேன் என்று அக்கினிச் சூளைக்குள் போனார். வேதமும் அந்த இடத்தில் அவரை ஆபேத்நேகோ என்றே எழுதுகிறது.

கத்தோலிக்கருக்கு முன்பு புனிதர் பேர் கட்டாயமாக இருந்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கிறிஸ்தவ உணர்வுக்குப் புறம்பான பேரை வைக்காமல் பார்த்துக்கொள்ளும்படி மட்டுமே சொல்கிறது. தமிழிலேயே முன்மாதிரி வேண்டுமா? வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்று, கிறிஸ்தவக் கவிஞராகப் புகழ்பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, 'கிருஷ்ண' என்பதைக் கடைசி வரை கழற்றவில்லை. நீலகண்டனாகப் பிறந்த தேவசகாயம் பிள்ளையோ ஞானஸ்நானத்தில் பேரை மாற்றிக்கொண்டார். அவரை 2022இல் புனிதராக அறிவித்தார்கள். இரண்டு வழியிலும் பெரியவர்கள் நடந்திருக்கிறார்கள்.

எந்தப் பாஸ்டராவது "அந்நிய தெய்வத்தின் பேரை நாவால் உச்சரிக்கக் கூடாது" என்று கடுமையாகச் சொன்னால், புதன்கிழமை உபவாச ஜெபம் எத்தனை மணிக்கு என்று பணிவாகக் கேளுங்கள். புதன், வியாழன், வெள்ளி, சனி எல்லாம் நவக்கிரகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

முஸ்லிம்களுக்கு எல்லை தெளிவாக இருக்கிறது: அல்லாஹ்வைத் தவிர வேறு எதற்கும் 'அப்து' சேர்க்கக் கூடாது. கெட்ட பொருள் உள்ள பேர்களை நபிகள் மாற்றினார்கள். ஆனால் இஸ்லாத்துக்கு முன்பிருந்தே அரபிகள் வைத்த உமர் போன்ற பேர்கள் அப்படியே இருந்தன. பேர் அரபியாக இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, பாரசீகப் பேர்கள் கம்பளையிலும் அக்குறணையிலும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன.

சைவர்களுக்குத் தடைப் பட்டியல் என்று ஒன்று கிடையாது. நட்சத்திர எழுத்துப் பார்ப்பது வழக்கம்தான், அதிலும் வளைந்து கொடுக்க இடம் உண்டு. திருவாதிரைக்குப் பஞ்சாங்கம் தரும் எழுத்துகளில் 'ங' ஒன்று, அதில் யார் பேர் வைத்திருக்கிறார்கள்? சைவ வீடுகளில் 'டெனிஸ்', 'ஸ்டெல்லா' என்றதும் கோபம் வருவதற்குச் சாஸ்திரம் காரணமில்லை. பிள்ளை மதம் மாறிவிடுமோ, நம் சனத்தை விட்டுப் போய்விடுமோ என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் பயமாகவே எடுத்துப் பேசுங்கள்.

ஆறாம் படி: பெரியவர்களோடு உட்காருங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான பேர்கள் நிற்கின்றன அல்லது விழுகின்றன. சாயங்காலம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தேத்தண்ணி குடித்து, கால் நீட்டி உட்கார்ந்த பிறகு பேச்சை எடுங்கள். 'நாங்கள் முடிவு பண்ணிவிட்டோம்' என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது.

"மாமி, உங்க அம்மா பேரு என்ன?" என்று மருமகள் கேட்கட்டும்.

"காமாட்சி. ஏன், அந்தப் பேரையா வைக்கப் போறீங்க? ஒங்க சபையில விடுவாங்களா?"

"முழுசா வைக்க முடியாது மாமி. ஆனா அவங்களை நெனச்சி ஒண்ணு வைக்கலாம்னு பாக்குறோம். அவங்க எப்படி இருப்பாங்க, சொல்லுங்க."

மாமியார் கதை சொல்லத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல பாட்டிமார் கேட்பது அந்த எழுத்துகளை இல்லை, தங்கள் ஆட்களை யாராவது நினைக்க வேண்டும் என்பதைத்தான். காமாட்சிக்குப் பதிலாகக் 'கயல்' என்று முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டும் சமாதானமான வீடுகள் உண்டு.

அதற்கும் ஒத்து வராவிட்டால் வீட்டுப் பேர் என்ற பழைய ஏற்பாடு இருக்கவே இருக்கிறது. சேலைத் தொட்டிலில் பிள்ளையைக் கிடத்தி, பாட்டி குனிந்து வலது காதில் மூன்று தடவை ஒரு பேரைச் சொல்வார். அது குலதெய்வத்தின் பேராக இருக்கும். பிறப்புச் சான்றிதழில் இருப்பது இன்னொரு பேர். லயத்தில் கூப்பிடுவது 'பாப்பா' அல்லது 'குட்டி'. மூன்றும் ஒரே பிள்ளைக்கு, ஒன்றோடொன்று மோதாமல். சபைக்காரப் பெற்றோர் சிலர் காதில் சொல்வதையே ஏற்க மாட்டார்கள், அது அவரவர் மனச்சாட்சி. ஏற்பதானால் முன்கூட்டியே பேசி ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைக்கு வந்த சனத்துக்கு முன்னால் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற நிலைமை வேண்டாம்.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். நம் முறையில் பிள்ளையின் பேருக்கு முன்னால் தகப்பன் பேர் நிற்கும். தகப்பன் முனியாண்டி என்றால், எவ்வளவு சுத்தமான வேதாகமப் பேரைத் தேடினாலும் சான்றிதழில் 'முனியாண்டி பிரிஸ்கில்லா' என்றுதான் வரும். எனக்கு அந்தச் சேர்க்கை பிடிக்கும், வீட்டின் கதை முழுவதும் அதில் இருக்கிறது.

ஏழாம் படி: நடுவில் ஒரு பேர் கிடைக்குமா?

இரண்டு பக்கமும் தங்களுடையது என்று சொல்லக்கூடிய பேர்கள் தமிழில் தாராளம். யாழ்ப்பாணத்தில் ஞானப்பிரகாசர் என்ற பேரில் சைவத்துக்கு ஒரு முனிவர் இருந்தார், சிதம்பரத்தில் அவர் வெட்டிய குளம் இருக்கிறது. அதே பேரில் கத்தோலிக்கருக்கு நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) இருந்தார். அருள், ஞானம், ஜோதி, நிர்மலா, ஜீவன், தயா, அமலன் எல்லாம் இப்படி இரண்டு வாசலிலும் நுழையும். 'மாரி'யே மழைக்கும் பேர். கிறிஸ்தவ, முஸ்லிம் கலப்பு வீடுகளுக்குச் சாரா, மரியம், யூசுப், ஆதம் ஆகியவை இரண்டு மதங்களுக்கும் பொது.

எல்லாம் பார்த்த பிறகும் பேரைக் கூப்பிடும்போது உள்ளே முள் குத்தினால் விட்டுவிடுங்கள். வாதத்தில் ஜெயித்த பேரை வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூப்பிடத் தயங்குவது வீண் பாடு.

எட்டாம் படி: சிங்களக் காதில் கேட்டுப் பாருங்கள்

நம் பிள்ளை இந்த நாட்டில்தான் படித்து வேலைக்குப் போகப் போகிறது. சிங்களத்தில் 'ழ' இல்லை, யாழினி சிங்கள எழுத்தில் போய் ஆங்கிலத்தில் திரும்பும்போது 'யாலினி' ஆகிவிடலாம். தமிழில் 'கவின்' என்று எழுதியதை ஆங்கிலத்தில் ஒருவர் Kavin என்றும் இன்னொருவர் Gavin என்றும் எழுதுவார். 'பாலு' என்ற பேர் சிங்களத்தில் நாயைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும், பள்ளிக்கூடத்தில் சும்மா விட மாட்டார்கள். 'ஹரி' என்று வைத்தால் வேடிக்கை. திருமாலின் பேர் என்று நீங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருப்பீர்கள், கொழும்பில் அது 'சரி' என்ற சொல். பிள்ளை நாள் முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்க்கும்.

ஒன்பதாம் படி: பதிவு

பேரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சு எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொண்டு போங்கள். வாயால் சொல்லாதீர்கள். தமிழும் ஆட்சிமொழி, தமிழில் பதியக் கேட்பது உங்கள் உரிமை. எழுதி முடித்ததும் கையெழுத்துக்கு முன்னால் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்: தகப்பன் பேர், தாய் பேர், அவர்களின் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கிறதா?

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி காலத்தில் காதில் விழுந்தபடி செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) எழுதினார்கள். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், சேமலாப நிதிக் கடதாசியில் ராமய்யா. 1948க்குப் பிறகு பிரஜாவுரிமைக்காகக் கடதாசி தூக்கி அலைந்த சனத்துக்கு ஓர் எழுத்துப் பிழை என்ன செய்யும் என்று தெரியும். இன்றைக்கும் சேமலாப நிதிப் பணத்தை எடுக்கப் போகும்போது பேர் ஒத்து வரவில்லை என்று திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். மதச் சண்டையைச் சமாளிப்பதற்காக மூன்று பேரையும் விண்ணப்பத்தில் கோர்த்து எழுதினால், பிள்ளை பரீட்சை விண்ணப்பத்தில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை எழுதும், அங்கேயிருந்து தலைவலி. காகிதத்தில் ஒரே பேர். மற்றவை வீட்டோடு.

பின்னால் பேரை மாற்ற முடியாதா என்றால், முடியும். விண்ணப்பம், ஆதாரம், காத்திருப்பு எல்லாம் சேர்ந்து வரும். பிள்ளை பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு என்றால் அங்கேயும் போய்த் திருத்த வேண்டும்.

பதிவு முடிந்த பிறகு யார் கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்லுங்கள். "இந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்று சபையில் கேட்டாலும் கோயில் வாசலில் கேட்டாலும், கணவனும் மனைவியும் இரண்டு விதமாகச் சொன்னால் சண்டை மறுபடியும் முளைக்கும். அப்பாயிக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தால், "அடுத்த பிள்ளைக்கு ஒங்க இஷ்டம் மாமி" என்று சொல்லியிருந்தால், அதையும் இப்போதே எங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறக்க மாட்டார்.